ஸ்டோரிலைன் கற்றுக்கொண்ட வரிசை: கடைசி வேலையை முதல் நாளே முடிப்பது

மின்கற்றல் பாடம் செய்யப் பழகுபவர்கள் பெரும்பாலும் முதல் ஸ்லைடின் அழகிலேயே ஒரு வாரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். அத்தகைய பாடங்களை உருவாக்கும் மென்பொருளான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைனை நான் கற்ற வரிசை இதற்கு நேர் எதிரானது. முதல் நாளே இரண்டு வெற்று ஸ்லைடு, ஒரு கேள்வி, ஒரு மதிப்பெண் ஸ்லைடு. உடனே பப்ளிஷ் செய்து (மாணவர் பார்க்கும் வடிவில் வெளியிட்டு) எல்எம்எஸ்ஸில், அதாவது பாடங்களை மாணவருக்குக் கொடுத்து மதிப்பெண்ணைப் பதியும் தளத்தில், ஏற்றிப் பார்ப்பது. மென்பொருளுக்குள் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியும், அங்கேயே திருத்திவிடலாம். பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் இடத்தில் நேரும் பிழையோ, பாடத்தை ஒப்படைத்த பிறகுதான் தலைகாட்டும்.

ஸ்டோரிலைன் விண்டோஸில் மட்டுமே ஓடும். 30 நாள் இலவசச் சோதனைக் காலம் இந்தப் பயிற்சிக்குப் போதும். கோப்பைக் கணினியின் சொந்த வட்டில், குறுகிய பெயருள்ள ஃபோல்டரில் வைத்து வேலை செய்யுங்கள். பென்டிரைவ், அலுவலக நெட்வொர்க் டிரைவ், மேகத்தோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டர் ஆகியவற்றில் வைத்துத் திறந்தால் சேமிக்கும்போது கோப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு. நாள் முடிவில் ஒரு பிரதியை அங்கே போட்டுவைப்பதில் தவறில்லை.

பழகுவதற்கு அளவான பொருள் ஒன்று வேண்டும். தீயணைப்பான் நல்ல பொருள்: பின்னை இழு, தீயின் அடிப்பகுதியைக் குறிபார், பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு. நான்கு படிகளும் எந்தத் தீக்கு எது என்ற தேர்வும் மதிப்பெண் ஸ்லைடும் சேர்ந்தால் ஆறு ஸ்லைடு. அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது பப்ளிஷ். பாடமும் எல்எம்எஸ்ஸும் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஸ்கார்ம் 1.2, ஸ்கார்ம் 2004, எக்ஸ்ஏபிஐ என்று தேர்வுகள் வரும். பரவலாகப் பயன்படும் எல்எம்எஸ்ஸான மூடுல் முழுமையாக ஆதரிப்பது ஸ்கார்ம் 1.2-ஐ. உங்கள் எல்எம்எஸ் எது என்று தெரியாவிட்டாலும் முதலில் இதையே எடுங்கள், ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓடும். அதன் குறையையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 2004 பதிப்பு 'முடித்தாரா' என்பதையும் 'தேறினாரா' என்பதையும் தனித்தனியாகப் பதியும். 1.2-இல் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். எனவே எந்தச் சொல்லை அனுப்புவது என்று பப்ளிஷ் திரையின் ரிப்போர்ட்டிங் பகுதியில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். தேர்வு உள்ள பாடத்துக்கு 'பாஸ்டு / இன்கம்ப்ளீட்' (தேறினார் / முடிக்கவில்லை) என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன். 'ஃபெயில்டு' (தோற்றார்) என்று போய்விட்டால் சில எல்எம்எஸ்கள் அத்தோடு கணக்கை முடித்துவிடும், மாணவர் மறுபடி முயல வழியிருக்காது. தேர்ச்சி அளவு தானாக 80 விழுக்காட்டில் நிற்கும். ஐந்தே கேள்வி இருந்தால் நான்கு சரியாக வேண்டும் என்று அர்த்தம். அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்து மாற்றுங்கள்.

கிடைக்கும் ஜிப் கோப்பை அப்படியே ஏற்றுங்கள். பிரித்துப் பார்த்துவிட்டு ஃபோல்டரை மறுபடி ஜிப் செய்தால், உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பு (பாடத்தின் உள்ளடக்கப் பட்டியல்) ஒரு படி கீழே இறங்கிவிடும். எல்எம்எஸ் அதை ஜிப்பின் மேல்தளத்தில் மட்டுமே தேடும், காணாவிட்டால் பாடம் செல்லாது என்று திருப்பிவிடும்.

அடுத்த சிக்கல், விட்ட இடத்திலிருந்து தொடர்வது. மாணவர் எங்கே நிறுத்தினார், எந்தப் பொத்தானைத் தொட்டார் என்பதையெல்லாம் பாடம் ஒரே எழுத்துச் சரமாக்கி எல்எம்எஸ்ஸிடம் கொடுத்துவைக்கும். ஸ்கார்ம் 1.2-இல் அந்தச் சரத்துக்கு 4,096 எழுத்துதான் இடம். ஆறு ஸ்லைடுக்கு இது பிரச்சினையே இல்லை. அறுபது ஸ்லைடும் பெரிய கேள்வி வங்கியும் சேரும்போது சரம் நிரம்பி வழியும், மாணவர் திரும்பி வந்தால் முதல் ஸ்லைடிலோ பழைய இடத்திலோ போய் நிற்பார். ஒவ்வொரு ஸ்லைடின் அமைப்பிலும் மீண்டும் வரும்போது என்ன செய்வது என்று ஒரு தேர்வு உண்டு. நினைவில் வைக்கத் தேவையில்லாத ஸ்லைடுகளை 'தொடக்க நிலைக்குத் திரும்பு' என்று மாற்றினால் சரம் சுருங்கும். அதிலும் அடங்காவிட்டால் பாடத்தை இரண்டாகப் பிரிப்பதுதான் நல்லது.

இவ்வளவும் ஓடிய பிறகு ஸ்லைடுக்குள் இறங்கலாம். ஸ்டேட் (ஒரு பொருளின் தோற்ற நிலை), லேயர் (ஸ்லைடின் மேல் விரியும் அடுக்கு), டிரிகர் ('இது நடந்தால் இதைச் செய்' என்ற கட்டளை) இந்த மூன்றும் கைவந்தால் பெரும்பாலான வேலை முடிந்தது. மின்சாதனம் எரியும் படம், கீழே மூன்று தீயணைப்பான்கள்: தண்ணீர், உலர்பொடி, கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு லேயர். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால், மின்சாரம் தீயணைப்பானைப் பிடித்திருப்பவரை நோக்கிப் பாயக்கூடும் என்ற எச்சரிக்கை, மற்ற இரண்டுக்கும் அவை ஏன் பொருந்தும் என்ற விளக்கம். மூன்றையும் பார்க்கும்வரை 'அடுத்து' பொத்தான் முடங்கியிருக்க வேண்டும். பொத்தானின் தொடக்க ஸ்டேட்டை டிசேபிள்டு (முடங்கியது) ஆக்கி, மூன்று படங்களின் ஸ்டேட்டும் விசிட்டட் (பார்த்தாயிற்று) ஆனால் பொத்தானை நார்மலுக்கு (வழக்கமான நிலைக்கு) மாற்று என்று ஒரே டிரிகர் போட்டால் போதும்.

இங்கே கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. விசிட்டட் என்ற பெயரில் ஸ்டேட் இருந்தாலே, தொட்டதும் மென்பொருள் தானாக அதற்கு மாற்றிவிடும். அதையே செய்யச் சொல்லித் தனி டிரிகரும் போட்டால் இரண்டும் மோதி, மாற்றம் ஒரு நேரம் நடக்கும், ஒரு நேரம் நடக்காது. தானாக மாறக் கூடாது என்றால் வேறு பெயரில் சொந்த ஸ்டேட் உருவாக்குங்கள். இந்த ஸ்லைடை மட்டும் 'நிலையை நினைவில் வை' என்று அமைக்கவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பின்னால் போய்த் திரும்புபவர் மூன்றையும் மறுபடி தொட வேண்டியிருக்கும்.

டிரிகர்கள் பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும். வேறு ஸ்லைடுக்குத் தாவும் கட்டளை எப்போதும் கடைசியில் இருக்கட்டும். மதிப்பெண் கூட்டும் கட்டளை அதற்குக் கீழே போனால் மதிப்பெண் கூடாமல் போகலாம்.

குரல் பதிவில் ஒரே ஒரு பழக்கம் போதும். ஒலி ஓடும்போது சி விசையைத் தட்டினால் அந்த இடத்தில் க்யூ பாயின்ட் (நேரத்தைக் குறிக்கும் புள்ளி) விழும். டிரிகரை அதோடு கட்டிவிட்டால், குரலை மறுபடி பதிந்தபோது புள்ளியை மட்டும் நகர்த்தலாம்.

தமிழ்ப் பாடத்துக்கென்றே சில வேலைகள் உண்டு. வரும் பாட உரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். 'சமர்ப்பிக்கவும்' ஆங்கிலத்துக்காக வரைந்த பொத்தானில் அடங்காது, 'சரிபார்' அடங்கும். பிளேயரின் (ஸ்லைடைச் சுற்றியிருக்கும் சட்டத்தின்) பொத்தான் சொற்களைத் தமிழில் ஒருமுறை எழுதிக் கோப்பாகச் சேமித்துவிட்டால் அடுத்த பாடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். கேள்விகளின் பின்னூட்டங்களில் ஆங்கில வாக்கியம் ஒளிந்திருக்கும். மொழிபெயர்ப்புக்கென வேர்டு கோப்பாக எடுக்கும் வசதியால் பாடம் முழுவதையும் எடுத்து வாசித்தால் தப்பாமல் அகப்படும்.

விடையைத் தட்டச்சு செய்யும் கேள்வியைத் தமிழில் தவிர்ப்பது நல்லது. 'பொடி' என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சரியாக எழுதியவருக்குத் 'தவறு' என்று காட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு வடிவங்களையும் சரியான விடையாகச் சேர்த்துவிடுங்கள். இழுத்துப் பொருத்தும் கேள்வியிலும் இதே அக்கறை தேவை: விசைப்பலகையால் மட்டும் இயங்குபவருக்கு அது முடியாமல் போகலாம். அதையே தொட்டுத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக அமைத்தால் யாரும் விடுபடமாட்டார்கள்.

சோதனையை ஸ்கார்ம் கிளவுடில் (ஸ்கார்ம் பாடங்களை ஏற்றிச் சோதிக்கும் இணையதளம்) செய்யுங்கள். பாடம் அனுப்பிய ஒவ்வொரு தகவலையும் அதன் பதிவேடு காட்டும். அங்கே ஓடி உங்கள் எல்எம்எஸ்ஸில் ஓடவில்லை என்றால் தேட வேண்டிய இடம் எல்எம்எஸ் அமைப்பு. பாதியில் மூடித் திறப்பது, வேண்டுமென்றே தோற்றுப் பிறகு தேறுவது, கைபேசியில் பார்ப்பது ஆகிய மூன்றையும் செய்யுங்கள். பாடம் தனிச் சாளரத்தில் திறந்திருக்கும்போது பின்னாலிருக்கும் எல்எம்எஸ் சாளரத்தை முதலில் மூடினால் பதிவு போய்ச் சேராது. அந்த எச்சரிக்கையை முதல் ஸ்லைடிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

ஒப்படைக்கும்போது ஜிப்போடு மூலக் கோப்பையும் பதிப்பு எண் இட்டுக் கொடுங்கள். ஜிப்பிலிருந்து திருத்தக்கூடிய கோப்பை மீட்க வழியில்லை. குழுவாக வேலை செய்தால் எல்லோரும் மென்பொருளின் ஒரே அப்டேட்டில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். புதியதில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காமல் போகலாம்.