115வது பந்துக்குப் பிறகு ஒரு கேள்வி

பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸை நடத்திய மேனேஜர் கிரேடி லிட்டில், பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேடான மவுண்டுக்கு நடந்து போனதில் தவறில்லை, போய் அங்கே கேள்வி கேட்டதுதான் தவறு. பல வருடங்களாக இப்படித்தான் சொல்லி வந்தேன். இப்போது அவ்வளவு அடித்துச் சொல்ல வாய் வரவில்லை.

2003 அக்டோபர் 16, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம், ஜெயித்த அணி உலகத் தொடருக்குப் போகும் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5-3 முன்னிலை, பேட்டிங் யாங்கீஸ், இன்னிங்ஸை முடிக்க வேண்டிய மூன்றில் ஒரு அவுட், முதல் பேஸில் பெர்னி வில்லியம்ஸ். பாஸ்டனின் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் 115 பந்து வீசியிருந்தார். அடுத்து இடது கை பேட்டர் ஹிதேகி மட்சுயி. மாற்று பிட்சர்கள் தயாராகும் புல்பென்னில், அவருக்கு ஏற்ற இடது கை பிட்சர் ஆலன் எம்ப்ரீ கை சூடாகி நிற்கிறார், அவரோடு மைக் டிம்லினும். மேனேஜர் லிட்டில் மவுண்டுக்கு வருகிறார். இன்னும் தெம்பு இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது என்கிறார் பெட்ரோ. லிட்டில் வந்த வழியே திரும்பி நடக்கிறார்.

மூன்றாவது பந்தில் மட்சுயி டபுள் (இரண்டாவது பேஸ் வரை சேர்க்கும் அடி) அடித்தார். அவருக்குப் பின் வந்த ஹோர்ஹே பொசாடா ஐந்தாவது பந்தில் இன்னொரு டபுள். 5-5. சமநிலையால் நீண்ட ஆட்டத்தின் 11வது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் முதல் பந்தையே கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லை தாண்டி ஹோம் ரன்னுக்குத் தூக்கினார். பாஸ்டன் 95 ஆட்டம் ஜெயித்த சீசன் அங்கே முடிந்தது. அக்டோபர் 27 அன்று லிட்டிலின் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று அணி அறிவித்தது.

அந்தக் கேள்வியும் பதிலும் சேர்ந்து சில விநாடிதான். ஆனால் அதற்குள் எத்தனை கதவுகள் சாத்தப்பட்டன என்பது விதியைத் தெரிந்தவர்களுக்குத்தான் உறைக்கும். கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு மூன்று ஓவர் கழித்துக் கூப்பிடலாம். இங்கே வெளியே அனுப்பினால் அன்றைக்கு அவர் ஆட்டம் சரி. ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரைப் பார்க்க மேனேஜர் இரண்டாவது முறை வந்தால் அவரை எடுத்தே ஆகவேண்டும். ஒரே பேட்டர் நிற்கும்போது இரண்டு முறை வரவும் முடியாது. ஆக, லிட்டில் திரும்பி நடந்த கணத்தில் மட்சுயியின் முறை முழுக்க முழுக்க பெட்ரோவுடையது. மட்சுயி அடித்த பிறகு இரண்டாவது முறை வந்து எடுத்திருக்கலாம். அப்போதும் வரவில்லை. என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். கேட்டுப் பெற்ற வாக்கு, கேட்டவரையே கட்டிப்போட்டுவிட்டது போல.

மாற்றுவது பெரிய சடங்கும் இல்லை. புல்பென்னுக்குப் போன் போகும். அங்கே 20, 25 பந்து வீசினால் கை தயார். மேனேஜர் புல்பென் பக்கம் பார்த்து இடது கையைத் தொட்டால் இடது கைக்காரர் வருவார். அன்றைய விதிப்படி மவுண்டில் எட்டு பந்து பழகிக்கொள்ள நேரம் இருந்தது. போனும் சூடேற்றலும் அன்று முன்பே முடிந்துவிட்டன. தொட வேண்டியது கை மட்டும்.

கேள்வி ஏன் தவறு என்று நினைத்தேன்? மவுண்டில் நிற்பவனிடம் "முடியுமா" என்றால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான். முடியாது என்று சொல்லும் சுபாவம் உள்ளவன் அந்த இடம் வரை வந்திருக்கவே மாட்டான். அதனால் வாயைக் கேட்காதே, உடம்பைப் பார் என்பது பிட்சிங் கோச்சுகளின் பாடம். களைத்த கையில் வேகம் கடைசியாகத்தான் இறங்கும், வேகமானியில் எண் நன்றாகவே இருக்கும். முதலில் போவது இடம். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கையுறையை வெளி ஓரத்தில் வைத்தால் பந்து நடுவில் வந்து விழும். முழங்கை தாழும், தாழ்ந்தால் பந்து மேலே மிதக்கும். இரண்டு பந்துகளுக்கு நடுவே எடுக்கும் நேரம் நீளும். பேட்டர் எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்த ஃபவுல் பந்துகள் பின்பக்க வலையை நோக்கி நேராகப் போக ஆரம்பித்தால், அவன் நேரம் பிடித்துவிட்டான் என்று அர்த்தம். இதில் எதற்கும் பிட்சரின் சம்மதம் தேவையில்லை.

பெட்ரோவின் உடம்பு பதிலை முன்பே சொல்லியிருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் அல்ஃபோன்சோ சோரியானோவை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்ததும் விரலை வானத்துக்கு உயர்த்திக் காட்டி டக்அவுட்டுக்குள் போனார், கட்டிப்பிடித்தார்கள். 100 பந்து ஆகியிருந்தது. அன்றைக்குக் கடையைச் சாத்திய ஆளின் சைகை அது. பிறகு டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்து 5-2 ஆக்கும் வரை உட்கார்ந்திருந்தார், கை ஆறிப்போயிருக்கும். சாத்திய கடையைத் திறக்கச் சொன்னார்கள். சோரியானோ அன்று அவர் எதிர்கொண்ட 28வது பேட்டர், அதாவது ஒன்பது பேர் கொண்ட பேட்டிங் பட்டியலின் நான்காவது சுற்று தொடங்கியிருந்தது. நான்காவது முறை பார்க்கும் பேட்டருக்கு பெட்ரோவின் சேஞ்ச்அப், வேகம் குறைத்து ஏமாற்றும் அந்தப் பந்து, புதிர் இல்லை. பெட்ரோவுக்கு 105 பந்துக்கு மேல் போனால் எதிரணி அடிப்பது கூடுகிறது என்ற கணக்கும் அணி நிர்வாகத்திடம் கையில் இருந்தது.

இத்தனையும் எழுதிய பிறகும் லிட்டில் பக்கம் நின்று பேசத் தோன்றுகிறது.

அந்த சீசனை மார்ச் 31லிருந்து பார்க்க வேண்டும். இளம் பொது மேலாளர் தியோ எப்ஸ்டீனும் ஆலோசகர் பில் ஜேம்ஸும் சேர்ந்த நிர்வாகம், ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று ஒரு தனி பிட்சர் வேண்டாம், சூழ்நிலைக்கு ஏற்ற ஆளை எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று முடிவு செய்திருந்தது. காகிதத்தில் சரியான யோசனை. முதல் ஆட்டத்திலேயே, டாம்பா பேயில், ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் 4-1 என்று நுழைந்து, சாட் ஃபாக்ஸ் வீசிய பந்தில் எதிரணியின் கார்ல் கிராஃபோர்ட் ஹோம் ரன் அடிக்க, 6-4 என்று தோற்றார்கள். மே மாத இறுதியில் ஷே ஹில்லன்பிராண்டைக் கொடுத்து பிட்சர் பியுங்-ஹியுன் கிம்மை வாங்கினார்கள், ஜூலையில் இன்னொரு பிட்சர் ஸ்காட் வில்லியம்சனை. திட்டம் நிர்வாகத்துடையது. ஒவ்வொரு ராத்திரியும் போனை எடுத்து, வருகிறவன் என்ன செய்வானோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் லிட்டில். சூடு கண்ட பூனையிடம் போய் இன்றைக்குப் பால் ஆறியிருக்கிறது என்றால் நம்புமா?

ஆனால் பால் நிஜமாகவே ஆறியிருந்தது! அந்த அக்டோபரில் டிம்லினும் எம்ப்ரீயும் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பெட்ரோவை எடுத்த பிறகு அதே எட்டாவது இன்னிங்ஸில் வந்த இருவரும் அதற்கு மேல் ரன் விடாமல் முடித்தார்கள். லிட்டில் மனதுக்குள் ஏப்ரலே ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு பக்கம் தீர்ப்பு எழுதி முடிக்கும்போது எட்டாவது இன்னிங்ஸில் பெட்ரோ வாங்கிய அந்த நான்கு அடிகளும் கண் முன் வரும். டெரெக் ஜீட்டர், வில்லியம்ஸ், மட்சுயி, பொசாடா, நால்வரும் அடித்தது இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு, இன்னொன்று விழுந்தால் அவுட். ஜீட்டருக்கும் மட்சுயிக்கும் வீச்சு எல்லை தவறிய பந்து ஒன்றுகூட விழவில்லை. விளிம்பில் நின்றவர்கள் அவர்கள், பெட்ரோ அல்ல. ஜீட்டர் அடித்த பந்துக்கு பாஸ்டன் ஃபீல்டர் டிராட் நிக்சன் ஓடிய கோணம் சரியில்லை என்பவர்கள் உண்டு. பொசாடாவின் பந்தோ, மட்டையின் மெல்லிய பகுதியில் பட்டு, ஓடி வந்த மூன்று பேருக்கும் எட்டாமல் நடுவே சொத்தென்று விழுந்தது. இரண்டாவது பேஸைக் காக்க ஆளில்லை, அதனால்தான் அது டபுள். பத்தடி முன்னால் விழுந்திருந்தால் பிடிபட்டு இரண்டு அவுட், 5-3, இன்றைக்கு இந்தக் கேள்வியை நாமெல்லாம் "ஆளை நம்பிய மேனேஜர்" என்று பாடமாகச் சொல்லிக்கொண்டிருப்போம். அதுவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று. கேட்காமல் இருப்பதற்கும் விலை உண்டு. அணியிலேயே பெரிய ஆள், அந்த வருடம் 14 வெற்றி, 4 தோல்வி. அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பந்தை வாங்கிக்கொண்டு போகிற மேனேஜரை மறுநாள் லாக்கர் அறையில் எப்படிப் பார்ப்பார்கள்? பெட்ரோ அன்று இரவே, வீசிய பந்துகளுக்குப் பொறுப்பு தான்தான், லிட்டில் இல்லை என்று சொன்னார். கேட்கப்பட்ட மனிதன்தான் அப்படிச் சொல்வான் என்று நினைக்கிறேன்.

கேட்காத மேனேஜரும் இருக்கிறார். 2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். டாம்பா பேயின் பிளேக் ஸ்னெல் 73 பந்தில் 9 ஸ்ட்ரைக் அவுட், கொடுத்தது 2 ஹிட் (பேட்டரைப் பேஸில் சேர்க்கும் அடி), அணி 1-0 முன்னிலை. எதிரணி டாட்ஜர்ஸின் பேட்டிங் பட்டியலின் முதல் மூவர் அவரிடம் ஆறு முறை வந்து ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். மேனேஜர் கெவின் கேஷ் வந்தார், எதுவும் விசாரிக்கவில்லை, எடுத்துவிட்டார். அந்த மூவரை ஸ்னெல் மூன்றாவது முறை சந்திக்கக் கூடாது என்பது கணக்கு. நிக் ஆண்டர்சன் வந்தார், மூக்கி பெட்ஸ் டபுள் அடித்தார், சில நிமிடத்தில் 2-1 என்று ஆட்டம் கைமாறிவிட்டது. லிட்டிலிடம் இல்லை என்று நாம் குறைபட்டது எல்லாம் கேஷிடம் இருந்தது. அவரையும் திட்டினோம். ஆனால் ஆண்டர்சன் அதற்கு முன் வந்த ஆறு ஆட்டங்களில் தொடர்ந்து ரன் கொடுத்திருந்தார் என்பதும் கணக்குத்தானே? அதை யார் பார்த்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் மறுபடி முதல் வரிக்கே போக வேண்டியதுதான்.

2004 அக்டோபர் 20. அதே மைதானம், அதே இரு அணிகள், மறுபடி ஏழாவது ஆட்டம், பாஸ்டனுக்குப் புது மேனேஜர் டெர்ரி ஃப்ராங்கோனா. டெரெக் லோ ஆறு இன்னிங்ஸில் 69 பந்து வீசி ஒரே ஒரு ஹிட் கொடுத்திருந்தார். 8-1 முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் அவரை எடுத்துவிட்டு ஃப்ராங்கோனா உள்ளே அனுப்பியது பெட்ரோவை. வந்த வேகத்தில் இரண்டு ரன் கொடுத்தார், அரங்கம் எழுந்து கூச்சல் போட்டது. ஆட்டம் 10-3 என்று முடிந்தது. அந்த மாற்றத்தைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை.