ஜாஸ் கேட்புத் தேர்வுக்குக் காதைத் தயார் செய்வது எப்படி?

ஜாஸ் வரலாற்றைப் பாடமாக எடுப்பவர்களுக்குப் புத்தகத்தைவிட அதிகப் பயம் தருவது கேட்புத் தேர்வுதான். பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நடுவிலிருந்து ஒரு நிமிடம் போல ஓட விடுவார்கள். வாசிப்பது யார், என்ன பாணி, ஏறக்குறைய எந்த ஆண்டு, எதை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று எழுத வேண்டும். இந்தப் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதியவள் என்ற முறையில், அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ட்ரம்பெட்டையும் சாக்ஸபோனையும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அடியில் ஓடும் பாஸையும் ட்ரம்ஸையும் கேளுங்கள். முன்னால் நின்று சோலோ வாசிப்பவர் பழைய பாணியிலும் வாசிக்கலாம், புதிய பாணியிலும் வாசிக்கலாம். காலத்தைக் காட்டிக்கொடுப்பவர்கள் பின்னால் இருப்பவர்கள்தான்.

கர்நாடக இசையில் தாளம் போடப் பழகியவர்களுக்கு இது பெரிய வசதி. கவுன்ட் பேஸியின் இசைக்குழு 1930களின் கடைசியில் வாசித்த ஏதாவது ஒன்றைப் போட்டு, ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். ஒரு பார் என்பது நான்கு அட்சரம்; இரண்டு பார் சேர்ந்தால் ஒரு ஆவர்த்தனம். ட்ரம்ஸில் காலால் மிதிக்கும் ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பல் மூடும் சத்தம் உங்கள் சுண்டுவிரலிலும் நடுவிரலிலும் விழும், பிறகு இரண்டு வீச்சிலும் விழும். தட்டில் விழாது. 2, 4, 6, 8 என்று தள்ளி விழும் அந்தச் சத்தம் கைக்குப் பழகிவிட்டால், ஸ்விங் என்றால் என்ன என்பதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்து, கோரஸை, அதாவது பாட்டின் வடிவம் ஒரு முழுச் சுற்று வருவதை, எண்ணப் பழகுங்கள். ஜாஸில் பெரும்பாலான பாட்டுகள் இரண்டே வடிவங்களுக்குள் அடங்கும். ஒன்று 12 பார் ப்ளூஸ், அதாவது ஆறு ஆவர்த்தனம். பாஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டால் போதும்: முதல் நான்கு பார் ச, அடுத்த இரண்டு ம, மறுபடி இரண்டு ச, ஒன்பதாவது பாரில் ப, கடைசியில் ச. இடையில் வேறு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) வந்தாலும் இந்த எலும்புக்கூடு மாறாது. இன்னொன்று 32 பார். எட்டு பார் மெட்டு, மறுபடி அதே, அப்புறம் வேறொரு எட்டு, கடைசியில் முதல் மெட்டு. சோலோ வாசிக்கும்போது மெட்டு காணாமல் போனாலும் இந்தச் சுற்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நம் மனோதர்மத்தில் ராகம் பிடித்து வைக்கும் இடத்தை இங்கே கார்டு வரிசை பிடித்து வைக்கிறது.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ எந்தப் பாடத்திட்டத்திலும் வரும். அதை நான் கேட்டது போல உருப்படியாக வேறு எதையும் கேட்டிருக்க மாட்டேன். துணை எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் ஏறி இறங்கும் தொடக்கம். பிறகு ஐந்து கோரஸ். முதலாவது ட்ரம்பெட். இரண்டாவதில் ட்ராம்போன்; அதற்குப் பின்னால் குதிரைக் குளம்பு போல டக்டக்கென்று ஒரு தாளம். மூன்றாவதில் கிளாரினெட் ஒரு வரி வாசிக்க, ஆம்ஸ்ட்ராங் வார்த்தையே இல்லாமல் குரலால் பதில் சொல்வார். நான்காவது எர்ல் ஹைன்ஸின் தனிப் பியானோ. ஐந்தாவதில் ஆம்ஸ்ட்ராங் ஒரே உச்ச ஸ்வரத்தை நான்கு பார் பிடித்து நிற்பார், அதாவது முழுதாக இரண்டு ஆவர்த்தனம். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் அந்த நிற்பு எவ்வளவு பெரிய துணிச்சல் என்று தெரியும். எனக்கு இன்றும் அந்த இடத்தில் கை தானாக நின்றுவிடும். எல்லோரும் சேர்ந்து பின்னிப் பின்னி வாசித்த நியூ ஆர்லியன்ஸ் முறையிலிருந்து தனி ஒருவரின் சோலோவுக்கு ஜாஸ் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இந்த ஒரே பதிவை வைத்து இரண்டு பக்கம் எழுதலாம்.

இப்போது காலத்தைக் கண்டுபிடிக்கும் வழி. தாளம் எந்தக் கருவியில் உட்கார்ந்திருக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பான்ஜோவும் ட்யூபாவும் கேட்டால், ட்ரம்ஸ் கேட்காமல் மரக்கட்டைச் சத்தம் மட்டும் கேட்டால், பெரும்பாலும் 1920களின் முன்பாதி. மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் பெரிய ட்ரம்மை ஓங்கி அடித்தால் பதிவு கெட்டுவிடும். பேஸி குழுவில் ஜோ ஜோன்ஸ் தாளத்தை ஹை-ஹாட்டுக்கு ஏற்றினார். வால்டர் பேஜின் பாஸ் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரமாக நடக்கும். கிட்டாரில் ஃப்ரெடி க்ரீன் நான்கு அட்சரத்தையும் மெல்ல வெட்டிக்கொண்டே போவார். 1940களில் கென்னி க்ளார்க் அதைக் குச்சியால் தட்டும் பெரிய ரைடு சிம்பலுக்குக் கொண்டுபோனார். கால் ட்ரம் எதிர்பாராத இடத்தில் மட்டும் வெடிக்கும். அதுதான் பீபாப். சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வேகமான மெட்டை ஒரே குரலாக வாசித்து ஆரம்பிப்பதைக் கேட்டதும் பீபாப் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். நீங்கள் ரைடு சிம்பலையும் சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் கூடும்.

கட்டுரைக் கேள்விக்கு ஒரு தகவல். அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் 1942 ஆகஸ்டில் பதிவு செய்வதை நிறுத்தியது. அந்த நிறுத்தம் 1944 வரை நீடித்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் போன்ற இசை விடுதிகளில் பீபாப் உருவான ஆண்டுகளின் பதிவு அதனால்தான் மிகக் குறைவு. 1945இல் அது திடீரென்று முளைத்தது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

கருவிகளில் குழப்புவது ஆல்டோ சாக்ஸும் டெனர் சாக்ஸும்தான். கத்ரி கோபால்நாத் வாசித்தது ஆல்டோ. அந்தக் குரல் உங்கள் காதில் ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. டெனர் அதைவிடக் கனமாக, கீழே இருந்து வரும். பழகுவதற்கு மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பாட்டைவிட நல்ல இடம் இல்லை. மெட்டைச் சொல்வது பாஸ். அதன் பிறகு மைல்ஸின் ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேனின் டெனர், கேனன்பால் ஆடர்லியின் ஆல்டோ, பில் எவன்ஸின் பியானோ என்று அதே சுற்றில் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். இதில் கார்டுகள் ஓடுவதில்லை. முதல் 16 பார் ஒரே ஸ்கேல், டோரியன். ஸ்வரக் கணக்கில் அது நம் கரகரப்பிரியா. அடுத்த எட்டு பார் அதே ஸ்கேல் அரை ஸ்வரம் மேலே. கடைசி எட்டில் பழைய இடத்துக்கே திரும்பும். சுருதி மாறியது போல ஒரு உணர்வு வரும், அதைக் காத்திருந்து பிடியுங்கள். ஆனால் விடைத்தாளில் கரகரப்பிரியா என்று எழுதாதீர்கள். ஸ்வரங்கள் ஒன்றுதான், கமகமும் பிடிப்புகளும் இல்லாமல் அது ராகம் ஆகாது. மோடல் ஜாஸ், டோரியன் என்று எழுதினால் போதும்.

அதே ஆண்டில் வந்த டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ பெரிய தலைவலி இல்லை. ஐந்து அட்சரம், மூன்றும் இரண்டுமாகப் பிரியும். எழுதியவர் ப்ரூபெக் இல்லை, ஆல்டோ வாசித்த பால் டெஸ்மண்ட். இதைத் தவறாமல் கேட்பார்கள். ஆர்னெட் கோல்மனின் அன்றைய நால்வர் குழுவில் பியானோ கிடையாது. கார்டு பிடிக்க ஆள் இல்லாததை முதலில் கவனியுங்கள். எலக்ட்ரிக் பாஸும் எலக்ட்ரிக் பியானோவும் ராக் தாளமும் சேர்ந்து வந்தால் 1969க்குப் பிந்தைய ஃப்யூஷன்.

பெண்கள் என்றால் பாடகிகள் மட்டும் என்ற எண்ணத்தில் படிக்காதீர்கள். பில்லி ஹாலிடேயும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் அவசியம். ஆனால் மேரி லூ வில்லியம்ஸைத் தேடிப் படியுங்கள். கான்சஸ் சிட்டியில் ஆண்டி கர்க் குழுவுக்குப் பியானோ வாசித்து, இசைக்கோவையும் எழுதியவர். பிறகு நியூயார்க்கில் அவருடைய வீடே பீபாப் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் போன்றவர்கள் கூடும் இடமாக இருந்தது. அவரைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாலே கட்டுரை தனியாகத் தெரியும்.

படிக்கும் முறையில் ஒரே ஒரு வற்புறுத்தல். பட்டியலை வரிசையாகக் கேட்டால் காது வரிசையை மனப்பாடம் செய்துவிடும், இசையைக் கேட்காது. கலைத்துப் போடுங்கள், நடுவிலிருந்து ஓட விடுங்கள், போன் திரையைக் கவிழ்த்து வையுங்கள். கேட்டு முடித்ததும் பெயரை எழுதாமல் காரணத்தை முதலில் எழுதுங்கள். ‘பாஸ் அட்சரத்துக்கு ஒன்றாக நடக்கிறது, தாளம் ரைடு சிம்பலில், 32 பார், ஆல்டோவும் ட்ரம்பெட்டும் ஒரே குரலில், மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது, ஆகவே நீளமாகப் பதிய முடிந்த லாங் பிளே தட்டு வந்த 1948க்கு முந்தையதாக இருக்கலாம்.’ இப்படி ஒரு விடை கையில் இருந்தால், பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் பாணியும் பத்தாண்டும் தாளில் சரியாக இருக்கும்.