சாறிபாத் காப்பி

"கர்த்தர் பார்த்துக்கொள்வார் அக்கா" என்று நான் சொன்னபோது என் இடது கை சட்டைப்பையின் மேல் இருந்தது. அதை அந்த அக்கா கவனித்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

2020 மே மாதக் கடைசி, கொரோனா ஊரடங்கு. நான் ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார்; அக்கா பீடி சுற்றுகிறவர். கடையில் இலையும் தூளும் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பீடித்தட்டு சுவரில் சாய்ந்து கிடந்தது. ஏப்ரலில் ரேஷனில் கொடுத்த 1,000 ரூபாய் எப்போதோ கரைந்துவிட்டது. அரிசி இருந்தது, கேஸ் இல்லை. "ஒரு ஆயிரம் இருந்தா தாங்க ஐயா, இலை போட்டதும் தந்திருதேன்."

என் பையில் 1,500 இருந்தது. ஆலயம் பூட்டிக் கிடந்ததால் காணிக்கை இல்லை. எனக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அந்தப் பணம் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு. அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், வேதத்தில் 1 இராஜாக்கள் 17ஐத் திறந்து, பஞ்சத்திலும் மாவு குறையாத சாறிபாத் ஊர் விதவையின் பானைக் கதையை வாசித்தேன். ஜெபத்தில் வலது கையை மட்டும் உயர்த்தினேன். அக்கா சத்தமாக ஆமென் சொன்னார்.

அப்புறம் கொல்லையில் பனைமட்டையை மூட்டி ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன். வேண்டாம் என்றால் மனம் நோகும் என்று அப்போது நினைத்தேன். அந்தக் கதையில் எலியா தீர்க்கதரிசி விதவையிடம் முதலில் தனக்கு ஓர் அடை கேட்டார் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. ஆனால் அங்கே பானை குறையவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு பாய் வீட்டிலிருந்து சிலிண்டருக்குப் பணம் வந்ததாம். செப்டம்பரில் ஆலயம் திறந்ததும் அக்கா சாட்சி சொன்னார்: "உபதேசியார் ஐயா ஜெபம் பண்ணினாங்க, கர்த்தர் கொடுத்தார்." சபை ஸ்தோத்திரம் என்றது. நானும் சொன்னேன். அதில் பொய் இருந்ததா? கொடுத்தவர் கர்த்தர் என்பதை நான் நம்புகிறேன். அவர் என்னைத்தான் முதலில் அனுப்பினாரோ என்பதுதான் குடைகிறது.

"பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனைப் பற்றி வேதத்தில் யாக்கோபு எழுதியதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனாலும் பெற்ற தாய்க்கு மாத்திரை இல்லாமல் கொடுப்பது மட்டும் விசுவாசமா? இந்தக் கேள்வியில்தான் வழக்கமாக என்னைத் தேற்றிக்கொள்வேன்.

மாத்திரைக்கு ஆனது 870 ரூபாய். மீதி 630ஐ வேதப்புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன்.