மிக்-21 காக்பிட்: 48-ல் ஒரு பங்கு

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். 1963-ல் நம் விமானப்படையின் 28-ஆவது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) இந்த விமானத்தோடு தொடங்கியதும் அதே சண்டிகரில்தான். 62 வருஷம். நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலமாரிமேல் மூன்று வருஷமாகக் கிடக்கும் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. 1/48 அளவு மிக்-21 பிஸ், பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கிட். பிஸ் என்பது மிக்-21-இன் ஒரு வகை, நம் விமானப்படையில் டைப் 75 என்பார்கள். இன்று இறக்கித் தூசு தட்டித் திறந்தேன்.

உடலும் இறக்கையும் அருமை. காக்பிட்டில்தான் ஒன்றுமே இல்லை. தொட்டி மாதிரி ஒரு தரை, மொழுமொழுவென்று இரண்டு பக்கச்சுவர், டயல்கள் இருக்கும் பேனலுக்கு ஒரு டெக்கால், அதாவது ஒட்டுப்படம். முந்தைய வகையான டைப் 77-ல் கனோபி, அதாவது காக்பிட்டின் கண்ணாடி மூடி, முன்பக்கமாகத் தூக்கும், பிஸ்ஸில் வலப்பக்கம் சாயும். சாய்த்துத் திறந்துதான் வைக்கப்போகிறேன். அப்படி வைத்தால் இந்த வெறுமை முகத்தில் அறையும். உள்ளே இருக்க வேண்டியதை எல்லாம் கையாலேயே செய்வது என்று முடிவு.

வெள்ளிக்கிழமை பறந்தவை பைசன்கள், பிஸ்ஸைப் பிற்பாடு நவீனமாக்கிய வகை. அவற்றில் திரைகள் வந்து பழைய பேனலே மாறிவிட்டது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய, முழுக்க முள்ளும் வட்டமுமான பேனல்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கத்தி, அரம், சாமணம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. இன்று கணக்கு மட்டும். ரஷ்ய டயல்கள் பெரும்பாலும் 80 மி.மீ., 60 மி.மீ. என்று இரண்டு அளவு. 48-ஆல் வகுத்தால் 1.67, 1.25. கடுகு அளவுதான். அதற்குள் எண்ணும் முள்ளும் வர வேண்டும்.

5 அக்டோபர், ஞாயிறு

இடப்பக்கச் சுவர் முடிந்தது. 0.25 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் சட்டங்கள், கெட்டுப்போன இயர்போன் வயரைப் பிரித்தெடுத்த செம்பு இழையில் ஒயர்கள். அந்த இழை முடியைவிட மெல்லிசு. நாலை முறுக்கினால் ஒரு கேபிள் கட்டு. கட்டைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைக்கு மாத்திரை அட்டையின் ஃபாயில்.

சுவிட்சுகளுக்கு ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குச்சி) மெழுகுவத்தியில் காட்டி, இளகும்போது இழுத்து நூலாக்கினேன். நூலின் நுனிக்கு அருகில் ஊதுபத்தி நெருப்பைக் கொண்டுபோனால், தொடாமலே நுனி சுருண்டு குமிழாகிவிடுகிறது. மெழுகுவத்தி என்றால் முழு நூலும் போய்விடும். ஊதுபத்திதான் சரியான சூடு. 40 குமிழ் செய்து 26 தேறியது.

12 அக்டோபர், ஞாயிறு

எதிர்வீட்டு சார் வந்திருந்தார். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமான உடற்பகுதி மெக்கானிக்காக இருந்தவர். தாம்பரத்தில் பயிற்சி, பிறகு வடக்கே பல வருஷம் மிக்-21 லைனில் வேலை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஸ்டிக்ல பிரேக் எங்க தம்பி?”

ஸ்டிக் என்பது விமானி கையில் பிடித்து ஓட்டும் கோல். அதில் பிரேக்கா? எனக்குப் புரியவில்லை. கால்பெடலில்தானே பிரேக் என்றேன்.

“மிக்-ல கால்ல பிரேக் கிடையாது. ஸ்டிக்லயே சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு லீவர். அதைப் பிடிச்சுக்கிட்டு எந்தப் பெடலை மிதிக்கிறோமோ அந்தப் பக்கம் சக்கரம் பிடிக்கும். காத்து பிரேக்கு. தரையில டாக்ஸி, அதான் ஓடி வரும்போது புஸ்ஸு புஸ்ஸுன்னு கேட்கும்.”

சொல்லும்போதே அவர் வலக்கை நாலு விரலும் எதையோ இறுக்கின. படங்களை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று! கிட்டில் வந்த ஸ்டிக் வெறும் குச்சி. அதைத் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்யப்போகிறேன்.

14 அக்டோபர், செவ்வாய்

ஸ்டிக் ஆயிற்று. 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி, பிடிக்கு எபாக்சி புட்டி, முன்னால் லீவருக்குத் தட்டின செம்பு இழை. லீவரின் நீளம் 2 மி.மீ.க்கும் குறைவு. மூன்று தடவை சாமணத்திலிருந்து தெறித்துக் காணாமல் போனது, நாலாவது தடவை உட்கார்ந்துவிட்டது.

18 அக்டோபர், சனி

டயல்கள். இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

முதலில் ஷீட்டில் வெள்ளை அடித்துக் காயவிட்டேன். அதன்மேல் மெல்லிசாகக் கறுப்பு. கறுப்பு முழுதாக இறுகுவதற்குள், தையல் ஊசியால் அழுத்தாமல் கீறினால் கீழே உள்ள வெள்ளை கோடாக வெளிவருகிறது. தூரிகையில் அவ்வளவு மெல்லிய கோடு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எண்களை எழுத முடியாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கீறல் போதும், கண் மீதியைப் படித்துக்கொள்கிறது.

பிறகு மருந்து ஊசியின் முனையைத் தட்டையாக வெட்டி, விளிம்பை அரத்தால் கூராக்கி, அதையே பஞ்ச் ஆக்கி வட்டம் வட்டமாக வெட்டினேன். இரண்டு அளவு டயலுக்கு இரண்டு ஊசி. பேனலில் துளைபோட்டு, பின்பக்கமிருந்து டயலை வைத்து, முன்பக்கம் ஒரு பொட்டு ஃபெவிகால். வைக்கும்போது வெள்ளையாக இருப்பது காலையில் கண்ணாடியாகிவிடும். நடுவில் இருக்கும் ராடார் திரைக்கு மட்டும் பச்சை கலந்தேன். அதன் ரப்பர் மறைப்பு மிச்சமிருந்த புட்டி.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. வேலை இல்லை.

25 அக்டோபர், சனி

நிறம். மிக் காக்பிட்டின் அந்தப் பச்சைநீலம் உலகப் பிரசித்தம். விமானியின் கண் சோராமலும் மனம் பதறாமலும் இருக்கத் தேர்ந்தெடுத்தது என்பார்கள். மாடல்காரனுக்குத்தான் அதைப் பிடிப்பது கஷ்டம். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி. நீலம், பச்சை, நிறைய வெள்ளை, ஒரு சொட்டு மஞ்சள். சிறிய பொருளில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் வெள்ளையைக் கொஞ்சம் கூட்டினேன்.

நாள் முழுக்க மழை. ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்த வலப்பக்கச் சுவர் வெளுத்து, சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாரம் போட்ட ஒயர்கள் எல்லாம் அந்தச் சுவரில்தான். பெயிண்டைக் கரைத்து எடுத்தால் ஒயரும் கூடவே வந்துவிடும். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

வெயில். கலவையில் மெதுவாகக் காயும் தின்னரைச் சேர்த்து, அதன்மேலேயே ஒரு மெல்லிய பூச்சு. வெண்மை கரைந்து நிறம் திரும்பியது. ஒரு ஒயர்கூடப் பெயரவில்லை.

1 நவம்பர், சனி

பேனலின் கீழ்ப்பகுதியில், நட்டநடுவே, ஒரு வெள்ளைக் கோடு உண்டு. மேலிருந்து கீழாக நேராக. மிக்-21 தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். அது ஸ்பின்னுக்கானது. விமானம் சுழன்று விழும்போது வானம் எது தரை எது என்று விமானிக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில் ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராக முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) நடுநிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இந்தக் கோட்டுக்காகத்தான் இந்த காக்பிட்டே. பேனலில் மற்றதெல்லாம் விமானி படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. இது ஒன்றுதான் எதையும் படிக்கிற நிலையில் அவர் இல்லை என்று தெரிந்து போட்டது.

வெள்ளை அடித்து, மெல்லிய டேப் ஒட்டி, மேலே பச்சைநீலம் அடித்து, டேப்பை உரித்தேன். கூரான, சுத்தமான கோடு. ஸ்டிக்கை வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இடப்பக்கம் 0.2 மி.மீ. விலகல். நிஜ விமானத்தில் கிட்டத்தட்ட 1 செ.மீ. பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. ஆனால் 1 செ.மீ. தள்ளிப் போட்ட கோட்டை நம்பி எந்த விமானி தள்ளுவார்? உரசி எடுத்துவிட்டேன். நாளைக்கு மறுபடி.

2 நவம்பர், ஞாயிறு

இந்த முறை பேனலின் இரண்டு ஓரத்திலிருந்தும் அளந்து, ஊசியால் மேலும் கீழும் புள்ளி வைத்து, அதன்மேல் டேப். சரியாக வந்துவிட்டது.

8 நவம்பர், சனி

இருக்கைக்கு பெல்ட். ஃபாயில் பட்டைகளைப் பற்குச்சியில் உருட்டி, தோள் வளைவுக்கு மடக்கி, காக்கி அடித்தேன். பக்கிள் எல்லாம் செம்பு இழையை வளைத்தது. பெல்ட் விறைப்பாக நிற்காமல், ஆள் எழுந்துபோன பிறகு விழுந்து கிடப்பதுபோல் இருக்க வேண்டும். அதற்கே ஒரு மாலை போயிற்று.

சாரிடம் தேய்மானம் எங்கே காட்டுவது என்று கேட்டேன். “ஏறி இறங்குற இடப்பக்க விளிம்பு, பெடல், அப்புறம் சீட்டுக்கு முன்னாடி பூட்ஸ் படுற தரை. வேற எங்கயும் போடாதப்பா. தினம் துடைச்சு வெச்ச விமானம்.” அழுக்கு மாதிரித் தெரியப் பூசியிருந்த நீர்த்த பெயிண்டைப் பாதி துடைத்து எடுத்தேன்.

15 நவம்பர், சனி

உடலின் இரண்டு பாதியையும் ஒட்டும் நாள். ஒட்டிவிட்டால் காக்பிட்டுக்குள் மறுபடி கை போகாது. கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு சுவிட்ச் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன்.

கிளிப் போட்டு வைத்திருக்கும்போதே சார் வந்தார். டார்ச்சைக் கையில் கொடுத்தேன். மேலிருந்து அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். “பிரேக் வெச்சிருக்கியே” என்றார். பிறகு டார்ச்சைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தார். ஸ்டிக்கின் நிழல் பேனலில் ஏறி வெள்ளைக் கோட்டின்மேல் படுத்தது. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பசை காய நாளை காலை வரை ஆகும்.