தாராளமா வைக்கலாம் சார்

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், கார் நிறுத்துமிடத்துக்கு என்னிடம் அலமாரி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் கேட்டார். "தம்பி, இதுல கனமான சாமான் எல்லாம் வைக்கலாம் இல்ல?" நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தாராளமா வைக்கலாம் சார்" என்றேன். அட்வான்ஸ் கைக்கு வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அந்த ஒரு வார்த்தையைத்தான் ரொம்ப நாளாக மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எவ்வளவு கனம் சார், என்ன வைக்கப் போறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரு லேஸ் கட்டுகிற நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் தொழில் ஆரம்பித்த புதிதில், கேட்டு வாங்கிய வேலை கையை விட்டுப் போய்விடக் கூடாது என்ற பயத்தில் இருப்பவன், வாசலில் நின்றுகொண்டு புதுக் கேள்வி கிளப்ப மாட்டான். கிளம்பத்தான் பார்ப்பான்.

கார் நிறுத்துமிடத்துக்கு அலமாரி செய்வது சமையலறை வேலை மாதிரி இல்லை. சமையலறைக்கு ஆள் நிறைய உண்டு, அளவுகளும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இங்கே அப்படிக் கிடையாது. தண்ணீர் வெளியே ஓடுவதற்காகத் தரைக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். ஒரு மூலையில் ரசமட்டம் வைத்துப் பெட்டியை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் வந்தால், அடியில் இரண்டு விரல் நுழையும். மழையில் நனைந்து வந்த கார் சொட்டிக்கொண்டே நிற்கும். அலமாரிக்குப் போடுகிற பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, அடிப்பக்கம் அந்த ஈரத்தைத் தொட்டால் ஊறி உப்பிவிடும். உப்பியது மறுபடி சுருங்காது. அதனால் பெட்டிகளைத் தரையில் உட்கார வைக்காமல் 100 மில்லிமீட்டர் உயரத்துக்குத் திருகுக் கால் வைத்தேன். பெட்டியைச் சுவரோடு பிடிக்கிற ஆங்கர் போல்ட் அடிக்கும்போது பூச்சோடு நிற்காமல் செங்கல்லுக்குள் பிடிமானம் இருக்கிறதா என்று ஒவ்வொரு துளையாகப் பார்த்தேன். வெட்டிய விளிம்பு எல்லாவற்றுக்கும் அதை மூடுகிற எட்ஜ் பேண்ட் பட்டை, கண்ணில் படாத அடிப்பக்கம் உட்பட. கார் உள்ளே நிற்கும்போது அலமாரிக் கதவு திறந்தால் இடிக்குமா என்று அவரையே காரை நிறுத்தச் சொல்லி டேப் பிடித்தேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அலட்சியமான ஆள் கிடையாது. இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன் போலிருக்கிறது.

சுவர் 3,600 மில்லிமீட்டர். நான் முதலில் போட்ட வரைபடத்தில் 600 அகலத்தில் 6 பெட்டிகள். விலை சொன்னதும் அவர், "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க தம்பி" என்றார். அடித்துப் பேசவில்லை, எல்லோரும் கேட்பதுபோல் கேட்டார். அன்று ராத்திரி உட்கார்ந்து 6 பெட்டியை 4 ஆக்கினேன். ஒவ்வொன்றும் 900. பக்கப் பலகையில் நான்கு மிச்சம். 8க்கு 4 அடி ஷீட்டை 400 ஆழத்துக்குக் கிழித்தால் மூன்று பலகைதான் வரும், ஆக ஒன்றேகால் ஷீட்டுக்கு மேல் லாபம். கதவு 12லிருந்து 8 ஆனது, கீல், கைப்பிடி எல்லாம் அதற்கேற்பக் குறைந்தது. மறுநாள் குறைத்த விலையை அனுப்பினேன். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

எப்படிக் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புது வரைபடத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினேன், மறைக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் 600 இருந்த இடத்தில் 900 இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? கதவு பெரிதாகிவிட்டது, கடைசி இரண்டு பெட்டியைக் காணோம், அவ்வளவுதான் தெரியும்.

எனக்குத் தெரியும். பக்கப் பலகைகளைக் கழித்தால் 600 பெட்டியில் தட்டின் நீளம் 564, 900 பெட்டியில் 864. பார்க்க ஒன்றரை மடங்குதான். ஆனால் தொய்வு அதே ஒன்றரை மடங்கோடு நிற்காது, நீளத்தின் மும்மடியாக, அதாவது ஒன்றரை × ஒன்றரை × ஒன்றரை என்ற கணக்கில் கூடும். அதே பலகையில் அதே எடையைப் பரப்பி வைத்தால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு தொய்யும். நீளம் கூடக்கூட அதில் வைக்கிற சாமானும் கூடும், அது வேறு. போதாததற்கு பார்ட்டிக்கிள் போர்டு வைத்த அன்றைக்கு வளைவதோடு நிற்காது. எடை மேலேயே இருந்தால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும், எடையை எடுத்த பிறகும் முழுசாக நிமிராது. 18 மில்லிமீட்டரை 25 ஆக்கியிருந்தால் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருக்கும். முன் விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் உயரத்தில் ஒரு பிளைவுட் பட்டையாவது ஒட்டியிருக்கலாம்.

என்னோடு வேலை செய்கிற அண்ணனுக்கு இந்த மும்மடிக் கணக்கெல்லாம் கிடையாது. பெட்டிகளைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தட்டை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துப் போட்டு, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "நடுவுல ஒண்ணு குடுத்துடலாமாப்பா?" என்றார். "இல்லண்ணே, சும்மா அட்டைப்பெட்டி, பழைய சாமான்தான் வைப்பாங்க" என்றேன். அவர் மேலே பேசவில்லை. தட்டைத் தாங்குகிற சின்ன உலோகப் பின்னை மாட்டித் தட்டை ஏற்றினார்.

இப்போது யோசித்தால், அட்டைப்பெட்டிதான் வைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. வீட்டுக்குள் வைக்க முடியாத கனமான சாமான் வந்து சேர்கிற இடமே அதுதானே.

8 மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. ஒரு கதவு சரியாகச் சேரவில்லை என்றார். கீலில் ஒரு திருகு, ஐந்து நிமிட வேலை. ஸ்க்ரூ டிரைவரோடு போய்க் கதவைத் திறந்தேன். கண்ணுக்கு நேரே இருந்த தட்டு தொட்டில் மாதிரி இருந்தது. அதன்மேல் டைல்ஸ் பெட்டிகள், தரை போட்டபோது மிஞ்சியவை. ஐந்து பெட்டி. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், 20 கிலோவுக்குக் குறையாது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் பிடித்து அளந்தேன். பாரம் இல்லாமலே நடுவில் 14 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்திலும் தட்டு பின்னைவிட்டு நழுவுகிற மாதிரி உள்பக்கம் இழுத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மொத்தமும் கீழே வந்திருக்கும், கார் மேலேயோ கால் மேலேயோ.

அவர் எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "அடடா, நான்தான் ஓவரா வெச்சுட்டேன் போல. திருப்பிப் போட்டா நிமிர்ந்துடுமா தம்பி?"

"டைல்ஸ் கொஞ்சம் ஜாஸ்திதான் சார்" என்றேன்.

இதை எழுத ஆரம்பித்தபோது "தாராளமா" என்ற வார்த்தையைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். அதற்குச் சமாதானம் சொல்லிவிடலாம். அவசரம், அனுபவமின்மை, வாய் தவறிய பேச்சு, இப்படி ஏதாவது. சொல்லும்போது அது பொய் என்று முழுசாகத் தெரிந்து சொல்லவில்லை, நப்பாசையில் சொன்னேன். இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. நூல் கையில் இருந்தது, 14 என்ற எண் கண் முன்னால் இருந்தது, காரணம் முழுசாகத் தெரிந்திருந்தது. அவர் பழியைத் தானாக எடுத்துக்கொண்டார், நான் அதை அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு விஷயத்தில் அந்த வாக்கியம் பொய்யும் இல்லை. 100 கிலோ ஜாஸ்திதான். எந்தக் கடையில் வாங்கிய அலமாரியானாலும் அந்த நீளத்தில் அந்தப் பலகை அந்த எடைக்கு வளையத்தான் செய்யும். ஆனால் கேட்டாரே, கேட்டதற்கு வைக்கலாம் என்று நான்தானே சொன்னேன்.

திருப்பிப் போட்டால் கொஞ்ச நாளைக்கு நிமிர்ந்த மாதிரி இருக்கும், பிறகு இந்தப் பக்கம் இறங்கும். அதனால் அது வேண்டாம் என்று சொல்லி, நான்கு பெட்டியிலும் நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைத்து, தட்டுகளை இரண்டிரண்டாக வெட்டிப் போட்டேன். இரண்டு கதவும் சேர்கிற கோட்டுக்குப் பின்னாலேயே தடுப்பு வந்துவிட்டதால் பார்க்கவும் உறுத்தவில்லை. மிச்சம் பிடித்த பலகை நான்கு, போய் நின்ற பலகையும் நான்கு. அண்ணன் எண்ணிப் பார்த்திருப்பார். எண்ணாத ஆள் இல்லை அவர். ஒன்றும் சொல்லவில்லை.

காசு வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். "என் தப்புக்கு நீங்க எதுக்குப்பா நஷ்டப்படணும்" என்று அவர் கையில் திணித்தார். பலகைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். வண்டியில் திரும்பி வரும்போது அது நியாயமாகத்தான் பட்டது. முதலிலேயே அந்த நான்கு பலகையைப் போட்டிருந்தால் அதற்கு அவர்தானே கொடுத்திருப்பார்? விலை குறைந்ததில் அவருக்கும்தானே லாபம்? வீட்டுக்கு வந்து பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். நான் அவருக்குக் குறைத்துக் கொடுத்ததைவிட எனக்கு மிஞ்சியது கொஞ்சம் கூடுதல். பெரிய தொகை இல்லை. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். ஒரு தட்டுக்கு இத்தனை கிலோ என்று கொட்டேஷனிலேயே எழுதுகிறேன். 600க்கு மேல் போனால் முன் விளிம்புக்குப் பட்டை இல்லாமல் செய்வதில்லை. இதனால் வியாபாரம் வளர்ந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில், 30 கிலோ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான் தாங்குமா?" என்று முகம் சுளித்தவர்கள்தான் அதிகம். ஒருவர் வேறு ஆளிடம் போனார். அந்த ஆள் அவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்லியிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாக்கியம் வாயில் எவ்வளவு லேசாக வரும் என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்ல அவருக்கு இரண்டு முறை போன் எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? "சார், அன்னைக்கு டைல்ஸ்னு சொன்னேனே, அது டைல்ஸ் இல்ல" என்றா? இப்போது அலமாரி நன்றாக நிற்கிறது. அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. சொன்னால் அவருக்கு நிம்மதி போகும், எனக்கு வரும். இது சாக்குதானா என்று தெரியவில்லை.

போன வாரம் அவருடைய அக்கா மகன் கூப்பிட்டார். "மாமா உங்களைத்தான் சொன்னாங்க. தப்பு அவரோடதா இருந்தும் நீங்க வந்து சரி பண்ணிக் குடுத்தீங்களாமே?" நான், "சுவர் அளவு என்ன சார்?" என்று கேட்டேன். போய் அளந்து வந்தேன், வரைந்தும் கொடுத்தேன், எல்லாம் 600தான். நேற்று அவர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார், கொஞ்சம் குறைக்க முடியுமா என்று. இன்னும் பதில் போடவில்லை.