டேங்க் மூச்சு விட வேண்டும்: ஒரு மே மாதக் குறிப்பு

மே 4, 2025

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். அம்மாவை அழைத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குக் காரில் கிளம்பினேன். கயத்தாறு தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் விக்கியது. ஓரம் கட்டினேன். ஏதோ தோன்றி பெட்ரோல் மூடியைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். மூடியைத் திருகிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

அம்மா பின்சீட்டில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். "வண்டிக்குள்ள பெட்ரோல் வாடைல்லா அடிக்குது, ரெண்டு வாரமா சொல்லுதேன்." உண்மைதான். நான்தான் பங்க்கில் சிந்தியிருக்கும் என்று தட்டிக் கழித்துவந்தேன்.

திரும்பி வரும்போதும் அதேபோல் விக்கியது. இந்த முறை மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, இடுக்கில் மளிகை பில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். காகிதம் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டது. அப்படியானால் டேங்க் காற்றை வெளியே விடவில்லை, உள்ளே இழுக்கிறது.

மே 5

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனர் போட்டார்கள், கோட் (கோளாறைச் சொல்லும் எண்) எதுவும் இல்லை. "பம்ப் வீக் ஆயிருக்கும் சார், மாத்திருவோம்" என்றார்கள். டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் போயிருந்தால் மூடியைத் திறந்ததும் ஏன் சரியாகிறது என்று கேட்டேன். பதில் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோட் வராததை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அமெரிக்காவில் 1996 முதல் வந்த கார்கள் டேங்க் ஆவி கசிகிறதா என்று தாமே சோதித்துக்கொள்ளும். முதலில் 1 மில்லிமீட்டர் ஓட்டை வரை, 2000-க்குப் பிறகு அரை மில்லிமீட்டர் வரை கண்டுபிடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. பெரிய கசிவுக்கு பி0455, மிகச் சிறியதற்கு பி0456. என்னுடையது 2012 மாடல், இந்தச் சோதனையே அதில் கிடையாது. மூக்கும் காதும்தான் ஸ்கேனர்.

மே 7

டேங்க் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். மூடியைக் கடைசி 'டிக்' வராமல் தளர்வாக வைத்து முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன், விக்கல் இல்லை. இறுக்கிவிட்டு ஓட்டினேன், இருபதாவது கிலோமீட்டரில் வந்துவிட்டது. (சோதனைக்காக ஒரு முறை செய்தது. தளர்ந்த மூடியோடு தினமும் ஓட்டக் கூடாது.)

ராத்திரி உட்கார்ந்து வழிகளை எழுதிப் பார்த்தேன். பம்ப் பெட்ரோலை எடுக்க எடுக்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அது கரி டப்பா வழியாக, அதாவது கேனிஸ்டர் வழியாக வரும். வெயிலில் டேங்க்கில் கிளம்பும் ஆவியை அந்த டப்பாவில் உள்ள கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது, டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள பர்ஜ் வால்வு திறந்து, எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். அப்போது டப்பாவின் மறுமுனை வழியாக வெளிக்காற்று வர வேண்டும். அந்த முனை அடைத்திருந்தால்? பம்ப் ஒரு பக்கம் இழுக்கும், எஞ்சின் வேறு டேங்க்கையே உறிஞ்சும்.

அது அடைத்தாலும் ஆபத்துக்கு உதவ மூடிக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. அதுவும் வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

மே 8

மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பங்க்கில் மூடியை மறந்துவிட்டு வந்து, அவசரத்துக்கு வாங்கிய டூப்ளிகேட் இது. உள்ளே வால்வு மாதிரி ஓர் அச்சு மட்டும் இருக்கிறது. ஸ்பிரிங்கும் இல்லை, துளையும் இல்லை. கம்பெனி மூடி வாங்கிவந்தேன். அதில் வால்வை விரல் நுனியால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்புகிறது.

மாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டியும் விக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மூடி வெறும் மாற்று வழிதான், நேர்வழி இன்னும் மூடியே கிடக்கிறது.

மே 9

மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியைத் திறந்தேன். அதே வாடை.

தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். நாலு கதவையும் திறந்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, போன்களை வீட்டுக்குள் வைத்துவிட்டு, அரை மணி நேரம் காற்றாட விட்டோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரின் தரையில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

பின்சீட்டைத் தூக்கினால் தகர மூடி, அதன் அடியில் பம்ப்பின் தலை. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் சுற்றிலும் தடவினோம். மூன்று பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்க ஓரத்தில் மட்டும் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை, அதாவது கேஸ்கட், கட்டை மாதிரி இறுகிப்போயிருக்கிறது.

"இதான் வாடை. கேஸ்கட்ட மாத்திட்டா முடிஞ்சது சார்" என்றார் அண்ணன். எனக்கு மனசு ஆறவில்லை. கரி டப்பா திறந்திருந்தால் இந்த அழுத்தம் அந்த வழியாகத்தானே போயிருக்கும்? குளிரும்போதும் ஓடும்போதும் உள்ளிழுப்பு, வெயிலில் வெளித்தள்ளல். அடைப்பு ஒன்றுதான் என்று தோன்றுகிறது. "அப்போ ஞாயித்துக்கிழம அடியில எறங்கிப் பாத்துருவோம்" என்றார்.

மே 11

பங்க்கில் பெட்ரோல் ஒரே இழுப்பில் ஏறிவிடும், நாசில் இடையில் கட் ஆகாது. நிரப்பும்போது திரும்பிவரும் காற்றுக்கு என் வண்டியில் பெட்ரோல் ஊற்றும் கழுத்தை ஒட்டித் தனிக் குழாய் இருக்கிறது. ஆக அது சரி. மிச்சம் டப்பாவின் வெளிமுனை.

பின்சக்கரத்தைக் கழற்றி அந்த ரப்பர் ஹோஸைத் தேடிப் பிடித்தோம். டப்பாவிலிருந்து பிரித்து, மெடிக்கலில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சைச் செருகி இழுத்தேன். பிஸ்டன் பாதி வந்தது. விட்டதும் 'டக்' என்று பழைய இடத்துக்கே ஓடியது. கம்ப்ரஸர் வைத்து ஊதலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வேண்டவே வேண்டாம் என்றேன். தெரியாமல் டப்பா பக்கம் ஊதிவிட்டால் உள்ளிருக்கும் கரி உடைந்து, தூள் பர்ஜ் வால்வு வரை போய்விடும்.

ஹோஸின் மறுமுனையைக் கம்பியால் கிளறினேன். காய்ந்த செம்மண் பொலபொலவென்று கொட்டியது. குளவிக்கூடு! சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு அறை, உள்ளே சுருண்டு காய்ந்த சின்னச் சிலந்திகள். குஞ்சுக்குத் தீனியாகக் கொட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இது ஏதோ என் வண்டிக்கு மட்டும் வந்த விதி இல்லை. 2011-இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் மஸ்டா6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, இதே காற்றுக்குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னியதுதான். குழாய் அடைத்து, உள்ளிழுப்பு கூடி, டேங்க்கே விரிசல் விடலாம் என்பதுதான் பயம்.

டப்பாவைக் கழற்றி ஆட்டிப் பார்த்தோம். தண்ணீர் ஆடுகிற சத்தம் இல்லை, நல்லவேளை. நாசில் கட் ஆன பிறகும் "ரவுண்டா போடுங்க" என்று கழுத்து வரை நிரப்புகிறவர்களுக்கு அந்தக் கரியில் பெட்ரோலே இறங்கிவிடும். பிறகு டப்பாவை மாற்றத்தான் வேண்டும்.

மே 13

புது கேஸ்கட் போட்டாயிற்று. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போதுதான் திறந்தோம். பம்ப் தலையைப் பிடிக்கும் வளையத்தைப் பாதி பாதியாக, சுற்றிச் சுற்றி இறுக்கினார் அண்ணன். ஹோஸின் முனையில் டீ வடிகட்டி வலையை வெட்டிக் கட்டினேன். அதைவிட நெருக்கமான வலை புழுதியில் அடைத்துக்கொள்ளும் என்று தவிர்த்தேன். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்ட வேண்டும், காலண்டரில் குறித்தாயிற்று.

மே 18

மறுபடி கோவில்பட்டி. கயத்தாறில் நிறுத்தி, மூடியைத் தளர்த்தி, மளிகை பில்லைப் பிடித்தேன். லேசாக அசைந்ததோடு சரி. பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். முந்தானை மடியில் கிடந்தது.