வேலூர்ப் பட்டறையில் எங்கள் கேம்பரின் கூரை

ஜமுனாமரத்தூரில் மழை பிடித்துக்கொண்டபோது மணி ஏழு இருக்கும். ஆவணி மாதத்து மாலை மழை, ஜவ்வாது மலையில் அது சொல்லாமல் கொள்ளாமல்தான் வரும். சாமை வயலோரம் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் இரண்டு கையாலும் கூரையை மேலே தள்ளினேன். பாதி தூரம் வழக்கம்போல் எழும்பியது. அப்புறம் பின்பக்கம் 'சடக்' என்று ஒரு சத்தம். வலது மூலை மேலே போனது, இடது மூலை நின்றுவிட்டது. என் மனைவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, கீல் பேர்த்துக்கிட்டு வந்திருக்கு" என்றாள்.

எங்கள் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் தொட்டியில் உட்காரும் ஒரு பெட்டிதான் கேம்பர். ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும், நிறுத்திய இடத்தில் இரண்டடி உயரும். சுற்றிலும் கேன்வாஸ். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு மடக்குப் பலகைகள் கூரையைத் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் இரண்டு இதழ். நடுவில் ஒரு நீளக் கீல், கீழே பெட்டியின் விளிம்போடு ஒன்று, மேலே கூரைச் சட்டத்தோடு ஒன்று. கூரை இறங்கும்போது இதழ்கள் உள்பக்கமாக மடியும், தூக்கினால் நிமிர்ந்து சுவராக நிற்கும். தூக்குவதற்குத் துணையாக நான்கு மூலையிலும் கேஸ் ஷாக், கார் டிக்கியில் இருக்கிற அதே சாமான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் தவிப்பைப் பார்த்துவிட்டு மழையிலேயே இரண்டு மூங்கில் கொம்பு கொண்டுவந்தார். "இதை முட்டுக் குடுங்க, காலைல பாத்துக்கலாம்" என்றார். ஒன்றை அளவுக்கு வெட்டி அந்த மூலையில் நிறுத்தினோம். இரவு முழுக்க கேன்வாஸ் படபடத்தது. கூரையின் எடை மொத்தமும் ஒரு மூங்கில் மேல் நிற்கிறது என்ற நினைப்பில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் கூரையை மெல்ல இறக்கி, லக்கேஜ் பெல்ட்டால் பெட்டியோடு சேர்த்துக் கட்டினோம். காவலூர் வழியாக இறங்கினோம். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. அதற்காகவே வருகிற ஊர் அது, அன்றைக்கு நிற்க மனசில்லை. ஆலங்காயம், வாணியம்பாடி, அப்புறம் பெங்களூர் நெடுஞ்சாலை. மணிக்கு 40 தாண்டவில்லை. ஆம்பூரில் பிரியாணியும் கத்திரிக்காயும் பார்சல் வாங்கி வண்டியிலேயே சாப்பிட்டோம். பாலாறு வழக்கம்போல் மணலாகக் கிடந்தது, மலையில் அவ்வளவு மழை பெய்தும்.

வேலூரில் லாரி பாடி வேலை செய்கிற ஒரு பட்டறையை நண்பர் சொல்லியிருந்தார். முதலாளியை எல்லோரும் பாய் என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அறுபது வயது இருக்கும். பையன்களிடம் உருதுவில் பேசுகிறார், நம்மிடம் வடாற்காட்டுத் தமிழ்.

"ஷாக் வீக் ஆயிடுச்சு பாய், இன்னும் பெரிசா போட்டுடலாமா?" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் ஷாக்கைத் தொடவே இல்லை. கீலில் இருந்த ஒரு ஸ்க்ரூவை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ஸ்க்ரூடிரைவர் வேண்டியிருக்கவில்லை, ஆடிக்கொண்டிருந்த பால்பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. மரையின் இடுக்கில் பழுப்பாக ஈரப் பொடி ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அந்தப் பொடியை என் உள்ளங்கையில் தட்டினார். மக்கிய இலை வாசனை.

"ரூஃபைத் தூக்கறது ஷாக்குன்னு நெனச்சிகினு கீறீங்க சார். அது தள்ளுது, அவ்ளோதான். புடிச்சிகினு இருக்கறது இந்த ஸ்க்ரூ. மரம் செத்துப்போச்சுன்னா இன்னா ஷாக் போட்டு இன்னா?"

போன வருடம் நான் செய்த தப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூரை மேல் இரண்டு சோலார் பலகையும் ஒரு பந்தல் சுருளும் ஏற்றியதில் தூக்குவது கஷ்டமாகிவிட்டது. உடனே 250 நியூட்டன் ஷாக்குகளைக் கழற்றி 400 நியூட்டன் போட்டேன். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ தள்ளும் விசை. நான்கு மூலைக்கும் சேர்த்து 60 கிலோவுக்கு மேல் கூட்டியிருக்கிறேன். கூரை சுலபமாக எழும்பியது, நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஆனால் கூரை மூடியிருக்கும்போதுதான் கேஸ் ஷாக் முழுக்க அமுங்கி, தன் உச்ச பலத்தோடு தள்ளுகிறது. அந்த நிலையில் அது ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது. தள்ளுவதில் மேலே தூக்கப் போவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கீலையும் பிராக்கெட்டையும் பக்கவாட்டில் நெட்டுகிறது. பூட்டிய கூரைக்குள்ளே, ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இது நடந்திருக்கிறது. வெயில் வேறு. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கும் நைட்ரஜனின் அழுத்தம் சுமார் 7 சதவீதம் கூடும். வேலூர் வெயிலில் ஒரு மதியம் நிறுத்தி வைத்தால் கூரைக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று சொல்லவே வேண்டாம்.

அதைவிட முக்கியமான குறை, வண்டி கட்டியபோதே இருந்திருக்கிறது. கீழ்க் கீலின் ஸ்க்ரூக்களை ப்ளைவுட்டின் விளிம்பில் முடுக்கியிருந்தார்கள். விளிம்பில் போனால் ஸ்க்ரூ அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிளக்கும். பலகையின் முகத்தில் போனால்தான் அடுக்குகளைக் குறுக்கே கோத்துப் பிடிக்கும். பிளந்த விளிம்பு வழியாக மழை ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. பின்பக்கக் கீலில் 18 ஸ்க்ரூ, அதில் 11 சும்மா சுற்றின.

முதல் நாள் மாலை பிரிக்கிற வேலை மட்டும். கூரைக்கு நான்கு மூலையிலும் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் ஷாக்கைக் கழற்றவே விட்டார் பாய். கழற்றியவற்றை வெல்டிங் பக்கத்திலிருந்து தூரமாக, நிழலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அழுத்தம் அடைத்த உருளை அது. சூடு காட்டக்கூடாது, துளைபோடக்கூடாது.

இரவு கோட்டைக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் அகழி ஓரமாக நடந்துவிட்டு ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போனோம். நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் கிடந்த கோயில், 1981இல்தான் லிங்கம் திரும்பி வந்து வழிபாடு தொடங்கியது. கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது, எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். பட்டறையில் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பழைய ஓட்டைகளை அடைத்த விதத்தை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஆசாரி ஒருவர் முற்றிய மூங்கிலைச் சீவிச் சீவி விரல் நீள ஆப்புகளாக்கினார். மக்கிய பகுதியை உளியால் சுரண்டி, நல்ல மரம் தெரியும்வரை போனார். அரால்டைட் பசையைக் குழைத்து ஓட்டைக்குள் விட்டு, ஆப்பில் தடவி, சுத்தியால் மூன்றே தட்டு. பிசின் ஓரத்தில் தேன் மாதிரி பிதுங்கியது. அதைத் துடைக்கவில்லை, விரலால் விளிம்பு நெடுக இழுத்துவிட்டார். இனி தண்ணீர் இறங்காது என்றார். பின்பலகையின் கீழ் இதழ் மட்டும் காப்பாற்ற முடியாத நிலை. ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டில் புதிதாக வெட்டினோம்.

அப்புறம் கீல். பழையதை விட அகலமான ஸ்டெயின்லெஸ் கீல், பலகையின் முகத்தில் படிகிற மாதிரி. ஸ்க்ரூ கிடையாது. 6 மில்லிமீட்டர் போல்ட் ப்ளைவுட்டை ஊடுருவி மறுபக்கம் வரும். அங்கே 3 மில்லிமீட்டர் கனத்தில் கீலின் முழு நீளத்துக்கும் ஒரு அலுமினியப் பட்டை, அதன் மேல் நைலாக் நட், அதிர்வில் கழலாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்தது. இழுவிசை ஒரு ஓட்டையில் நிற்காமல் பட்டை முழுக்கப் பரவும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் ஈரத்தில் நேராக உரசினால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால் இடையில் நைலான் வாஷரும், பட்டைக்கு இரண்டு கை ப்ரைமரும் கேட்டு வாங்கினேன். ஷாக் பிராக்கெட்டுகளுக்குப் பின்னாலும் நாலங்குலச் சதுரத் தகடு வைத்தார்கள். மேலே கூரைச் சட்டம் மெல்லிய அலுமினியக் குழாய், உள்ளே கை நுழையாது. அங்கே மட்டும் ரிவ்நட், வெளிப்பக்கத்திலிருந்தே ஓட்டையில் பதித்துவிடுகிற நட்.

கடைசியில் ஷாக். உதிரிபாகக் கடையில் கார் பெயர் கேட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், நியூட்டன் கணக்கு உருளை மேலேயே அச்சிட்டிருக்கும், அதைப் படித்துத்தான் வாங்கவேண்டும். 300 எடுத்தோம். மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டச் சொன்னேன். உள்ளே இருக்கும் எண்ணெய் அப்போதுதான் சீல் பக்கம் தங்கி, அது காயாமல் இருக்கும். என் பழைய ஷாக்குகள் நான்கும் தலைகீழாகத்தான் மாட்டியிருந்தன. தூக்குவதற்கு இப்போது இரண்டு கையும் வேண்டும், கொஞ்சம் மூச்சும் வேண்டும். எனக்கு அது சம்மதம்.

எல்லாம் முடிந்ததும் பாய் உள்ளே ஏறி, நிமிர்ந்து நின்ற பலகையில் முதுகை வைத்துச் சாய்ந்து உந்தினார். அசையவில்லை. "இப்ப தூங்குங்க" என்றார். பொருளும் கூலியும் சேர்த்து 7,400 ரூபாய் ஆனது. ஆசாரிக்குத் தனியாகக் கொடுத்தேன்.

கிளம்பும் முன் என் மனைவி தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு நட்டுக்கும் பட்டைக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நட் திரும்பினால் கோடு உடைந்து காட்டிவிடும். அவள் அலுவலகத்தில் மெஷின்களுக்கு இப்படித்தான் செய்வார்களாம். 44 நட், 44 கோடு.

மறுநாள் ஏலகிரி. புலவர்கள், வள்ளல்கள் பேர் சூட்டியிருக்கிற 14 வளைவும் ஏறி, மேலே ஒரு பலாமரத்தடியில் நிறுத்திக் கூரையைத் தூக்கினேன். பலகை நேராகும்போது முன்பெல்லாம் ஒரு முனகல் கேட்கும். இந்தத் தடவை மரத்தில் கூவிக்கொண்டிருந்த குயில்தான் கேட்டது. கோடுகள் ஒன்றும் உடையவில்லை. இருந்தாலும் ஸ்பானர் வைத்துப் பார்த்தேன். புது இதழில் மட்டும் ப்ளைவுட் கொஞ்சம் அமுங்கியிருந்தது, ஆறு நட்டுகள் கால் சுற்று வாங்கின. அந்த ஆறுக்கும் புதுக்கோடு போட்டுவிட்டு டீ வைத்தோம். ஊர் திரும்பும் வழியில் ஜமுனாமரத்தூர் போகவேண்டும், மூங்கில் கொம்பு இரண்டும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. ஒன்று ஒரு முழம் குறைந்திருக்கிறது, அதைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும்.